நண்டுப்பள்ளத்துக்கு ஒரு நாற்று

அக்டோபர் 4

உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்பது மாதமாக அலமாரியில் கிடந்தது. முன்பக்கங்களில் கோலப்புள்ளி வைத்துப் பழகியிருக்கிறேன். இனி ஒழுங்காக எழுதவேண்டும். இன்று எங்கள் ஊர் மகளிர் உழவர் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். குழுவில் பதினொரு பேர். மங்கையர்க்கரசி, செயலாளர் என்று கையெழுத்துப் போடும்போது ஒரு எழுத்தை விட்டுவிட்டு நடுவில் நுழைத்தேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

முதல் கூட்டத்திலேயே என் யோசனையைச் சொன்னேன். போன கார்த்திகையில் பதினொரு நாள் தண்ணீர் நின்று நட்ட பயிரெல்லாம் அழுகிப்போனது. மறுநடவு செய்ய ஒரு முடி, ஒரே ஒரு கட்டு நாற்றாவது கிடைக்குமா என்று நானும் என் வீட்டுக்காரர் வேதரெத்தினமும் வேன் எடுத்துக்கொண்டு ஒன்பது ஊர் அலைந்தோம். ஒருவரிடமும் இல்லை. வயல் வெறும் சேறாகக் கிடந்தது. அதை இன்னொரு வருடம் பார்க்க என்னால் முடியாது.

அதனால் இந்த வருடம் நடவு நடக்கும்போதே இருப்பு நாற்றங்கால். ஊரில் தண்ணீர் ஏறாத ஒரே மேடு திடல்தான், அங்கே விட்டு வைப்போம். வெள்ளத்தில் பயிர் போனால் ஓடிப்போய்ப் பிடுங்கி நட்டுக்கொள்ளலாம். குறுகிய கால ரகம் என்பதால் நாற்றுக்கு முப்பது நாள்தான் ஆயுள். அதைத் தாண்டினால் நட்டாலும் தூர் கட்டாது, ஒப்புக்கு நாலு கதிர் விட்டு நின்றுவிடும். அதனால் பாதி விதையை இப்போதும், மீதியைப் பதினேழு நாள் கழித்தும் விடுவோம் என்றேன். விதை கொடுத்தவர்களுக்கு நாற்றில் பங்கு. எல்லாரும் தலையாட்டினார்கள்.

அக்டோபர் 7

என் மூத்தார், வேதரெத்தினத்தின் அண்ணன் கயிலாசம் வந்து கூட்டத்தைக் கெடுத்தார். மகளிர் குழுவில் இவருக்கு என்ன வேலை? வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார், உள்ளே வந்தால் மரியாதை குறைந்துவிடும் போல.

எங்கள் ஊரில் புரட்டாசி முடிவதற்குள் வடிகால் வெட்டுவது வழக்கம். ஏக்கருக்கு இரண்டு கோல் நீளம், அவரவர் பங்கை அவரவர் வெட்டவேண்டும். மழைத் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போகவேண்டும்.

"நாத்து வுடு, வாண்டாங்கல. மொத வாய்க்கால வெட்டிடுவோம். ஆகாயத்தாமர பாலத்த மூடிக்கிட்டு நிக்கிது" என்றார்.

"ரெண்டுக்கும் ஆளுக்கு எங்க மாமா போறது? நடவுக்கே ஆள் கெடக்கல."

"அப்ப நாத்த தள்ளி வையி."

"நாத்த தள்ளி வச்சா மழை தள்ளி வருமா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். இருபத்திரண்டு வருடமாக அவர் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

நாற்றங்கால் வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த வருடம் வடிகால் வேலை கழிந்தது, வடிகாலை அடுத்த வருடம் சேர்த்து வெட்டிக்கொள்ளலாம் என்று கூட்டம் முடிவு செய்தது.

மூத்தார் சைக்கிளைத் திருப்பினார். "அப்ப எங்க வூட்டு வெதய எதிர்பாக்காதீங்க." அவர் மனைவி ராசாம்பாள் அக்கா, என் ஓரகத்தி, விதைப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அது மட்டும் கஷ்டமாக இருந்தது.

அக்டோபர் 10

முதல் நாற்றங்காலில் விதை விட்டாயிற்று. வரப்புக்கட்ட இருபத்தாறு பேர் வந்தார்கள். போன வருடம் வடிகாலுக்குப் பத்துப் பேர்கூட வரவில்லை. மூத்தார் காதில் விழும்படி இதைச் சொன்னேன்.

அக்டோபர் 19

ஊர் முழுக்க நடவு முடிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் எப்போதும் இப்படி ஐப்பசி பிறந்துவிடுகிறது. எங்கள் வயல் பூவரசடியில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். அக்காவுடையது வடிகாலை ஒட்டிய நண்டுப்பள்ளம், அதுவும் மூன்று மாதான். ஊரிலேயே தாழ்ந்த வயல். தண்ணீர் முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் அங்கேதான்.

இடுப்பு வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 27

இரண்டாவது நாற்றங்கால் விட்டோம். முதல் நாற்றுக்கு இன்றோடு பதினேழு நாள். பச்சைப் பாய் விரித்த மாதிரி நிற்கிறது. வேளாண்மை அலுவலர் அம்மா வந்து பார்த்துவிட்டு, "மத்த ஊருக்கும் இதக் காட்டணும்" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நான் நடுவில் நின்றேன். புடவையை மாற்றிக்கொண்டு போயிருக்கலாம்.

நவம்பர் 2

மழை இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

நவம்பர் 5

புயல் சின்னம் என்று நாலு நாளாக டிவியில் காட்டினார்கள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு டிவி முன்னால் நின்றேன், பால் பொங்கி வழிந்தது. கடைசியில் அது ஆந்திராப் பக்கம் போய்விட்டது.

டீக்கடை வாசலில் எங்கள் தெருப் பக்கிரிசாமி கேட்கிறார்: "என்னா செயலாளரம்மா, மழைக்குக் கடுதாசி போட்டீங்களா? பதில் வல்லியா?" பதிலுக்கு நானும் சொன்னேன்: "ஒங்க வயலுக்கு மட்டும் தனியா வரச்சொல்லி எழுதியிருக்கேன்." எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கு நங்கென்று தேய்த்தேன்.

நவம்பர் 9

முதல் நாற்றுக்கு இன்றோடு முப்பது நாள். பிடுங்கி மாடுகளுக்குப் போட்டாயிற்று. ஆறு ஏக்கர் நடக்கூடிய நாற்று. பக்கிரிசாமியின் மாடுகூட வந்து தின்றது. தின்றுவிட்டு என்னைப் பார்த்தது.

குழுவில் இரண்டு பேர், "இதுக்கா அத்தன நாள் வேல செஞ்சோம்?" என்று முணுமுணுத்தார்கள். காதில் விழாத மாதிரி இருந்தேன். ஒன்றுமே நடக்காவிட்டால் சந்தோஷப்படவேண்டிய விஷயம்தானே இது? அலுவலர் அம்மாவும் அதைத்தான் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நவம்பர் 10

காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். ரசத்தில் உப்புப் போட மறந்து, பிறகு இரண்டு தடவை போட்டுவிட்டேன். வேதரெத்தினம் மோர் ஊற்றிக்கொண்டார். கை கழுவும்போது கேட்டார்:

"நீ மழை வரக்கூடாதுன்னு பாக்குறியா, வல்லியேன்னு பாக்குறியா?"

"என்னா பேச்சு இது? நம்ம வயலும்தான் அங்க கெடக்கு" என்று சத்தம் போட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இங்கே ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன்.

நவம்பர் 12

விடியற்காலை பிடித்த மழை விடவே இல்லை.

நவம்பர் 14

மூன்று நாள் மழை. குடையெல்லாம் சும்மா. பூவரசடியில் பயிரின் நுனி மட்டும் தெரிகிறது. நண்டுப்பள்ளம் தெரியவே இல்லை, வரப்பு எது வாய்க்கால் எது என்று சொல்ல முடியவில்லை.

திடலுக்கு ஓடினேன். இரண்டாவது நாற்றுக்குப் பதினெட்டு நாள். சுற்றி வெட்டிவைத்த சிறு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் ஓடிப்போய், நாற்று ஒரு சேதமும் இல்லாமல் நிற்கிறது. குழுவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "நல்லவேள அரசி, நீ சொன்னே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கிரிசாமி குனிந்து நாற்றைத் தடவிப் பார்த்தார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று எழுத வேண்டாம்.

நவம்பர் 16

மழை விட்டுவிட்டது. தண்ணீர் ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. அமாவாசை சமயம், கடல் பொங்கி நிற்கிறது, கடல் தண்ணீரை வாங்கவில்லை என்கிறார்கள். இரண்டு நாளில் வாங்கும். பயிர் ஒரு வாரம் மூழ்கித் தாங்கும், அதற்கு மேல் அழுகும். நாற்று இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உட்கார முடியவில்லை. வயலுக்கும் திடலுக்குமாக நடக்கிறேன்.

நவம்பர் 18

கடைத்தெருவில் மீன்காரம்மா சொன்னார், முகத்துவாரத்தில் தண்ணீர் நேற்றிலிருந்து கடலுக்குள் விறுவிறுவென்று இழுக்கிறதாம். பக்கத்து ஊர் வயல்களில் பயிர் வெளியே தெரிகிறதாம்.

எங்கள் ஊரில் அப்படியே நிற்கிறது.

பாலத்தடிக்குப் போனேன். மூத்தார் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். பாலத்துக்குத் தண்ணீர் போக மூன்று கண். மூன்றையும் ஆகாயத்தாமரை அடைத்து, அதன்மேல் காட்டாமணக்கு சாய்ந்து, இந்தப் பக்கம் தண்ணீர் மார்பளவு நிற்கிறது. அந்தப் பக்கம் முழங்கால்கூட இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"கடல் வாங்குது. நம்ம வாய்க்கா குடுக்கல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

நவம்பர் 19

அடைப்பை எடுக்கக் கூப்பிட்ட பொக்லைன் கரை வரைக்கும் வந்து புதைந்துகொண்டது. அதை இழுக்கவே அரை நாள் போனது. கையால்தான் எடுக்கவேண்டும். மூத்தார் வேட்டியை வரிந்துகட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். அறுபத்தொரு வயது. பின்னால் வேதரெத்தினம், அப்புறம் பக்கிரிசாமி. மற்றவர்களைக் கூப்பிட வீடு வீடாகப் போனேன். மூன்று வீட்டில் ஒரே பதில்:

"நாங்கதான் நாத்தங்காலுக்கு வந்துட்டமே. வாய்க்கா வேல கழிஞ்சிரிச்சின்னு நீதான சொன்னே."

கூட்டம் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. திரும்பி வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்கிவிட்டேன்.

நவம்பர் 20

கை முழுக்கக் கிழிசல். ஆகாயத்தாமரையின் வேர் இழுக்க இழுக்க வருகிறது. ஒரு கண் திறந்தது. நான் இறங்கியதைப் பார்த்துவிட்டு, நேற்று வரமாட்டேன் என்றவர்களும் வந்தார்கள். ராசாம்பாள் அக்கா கரையில் நின்று, நாங்கள் இழுத்துப்போட்டதை வாரி அப்பால் கொட்டினார். மத்தியானம் எனக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார், வாங்கிக் குடித்தேன்.

நவம்பர் 22

மூன்று கண்ணும் திறந்தாயிற்று. தண்ணீர் இரைச்சலோடு ஓடுகிறது. நாற்றுக்கு இருபத்தாறு நாள். மேட்டு வயல்களில் பயிர் பிழைத்துக்கொள்ளும். நடுவயலும் பள்ளமும் போனது போனதுதான். பூவரசடியில் ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன், நூலைப் போலக் கையோடு வந்துவிட்டது. நாறுகிறது.

அன்றைக்கே புரட்டாசியில் அந்தப் பாலத்தைச் சுத்தம் செய்திருந்தால் கடல் வாங்கிய அன்றே தண்ணீர் இறங்கியிருக்கும். ஆறு நாளில் பயிர் வெளியே வந்திருக்கும். இந்த நாற்றே தேவைப்பட்டிருக்காது.

இதை எழுதிவிட்டுக் கைக்கிழிசலுக்கு மஞ்சள் பூசிக்கொண்டேன்.

நவம்பர் 23

பங்கீட்டுக் கூட்டம். அழிந்த வயல் மொத்தம் ஏழு ஏக்கர். நாற்று ஆறு ஏக்கருக்குத்தான் வரும். அலுவலர் அம்மா விசாரித்துவிட்டார், வேறு எங்கும் நாற்று இல்லை. விதை கொடுத்தவர்களுக்குப் பங்கு என்று நான் எழுதிவைத்த விதியை நானே எழுந்து படித்தேன். அப்படிப் பார்த்தால் கணக்கு சரியாக இருக்கிறது. ஆறு ஏக்கருக்கும் ஆள் இருக்கிறது. மிச்சம் ஒரு ஏக்கர் நண்டுப்பள்ளம்.

அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு இருக்கிற நிலமே அதுதான். எங்களுக்காவது வேன் இருக்கிறது, வேதரெத்தினம் வாடகைக்கு ஓட்டுகிறார். மூத்தார் வீட்டில் அந்த மூன்று மா விளைந்தால் சோறு, இல்லாவிட்டால் இந்த வயதில் அவர் திருப்பூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை பார்க்கவேண்டும். போன வருடமே அந்தப் பேச்சு வந்தது.

"சட்டம் சட்டந்தான்" என்றாள் ஒருத்தி. யாரும் மறுக்கவில்லை. நானும்.

நவம்பர் 24

நடுவயலின் மேட்டுப் பக்கத்திலிருந்து மறுநடவு ஆரம்பித்துவிட்டது. என் பங்கு நாற்றைப் பிடுங்க ஆள் சொல்லவேண்டும். சொல்லவில்லை. காலையில் திடலுக்குப் போனேன், வந்தேன். மத்தியானம் போனேன், வந்தேன். வேதரெத்தினம் கேட்டார், "நாளைக்கு நம்ம வயல நடலாமா?" தெரியாது என்றேன். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போயிருக்கிறேன், ஒரு வாண்டு சொல்லித்தான் தெரிந்தது.

நவம்பர் 26

நாற்றுக்கு முப்பது நாள். இந்த நாளை விட்டால் மாட்டுக்குத்தான்.

விடிந்ததும் வேதரெத்தினத்திடம் சொன்னேன், நம் பங்கு நாற்று நண்டுப்பள்ளத்துக்கு என்று. வேட்டி மடிப்பை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே கேட்டார். "நமக்கு?" என்றார். "உளுந்து தெளிச்சிக்குவோம்" என்றேன். கொஞ்ச நேரம் பூவரசடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வேன் சாவியை எடுத்தார். இந்த மனிதரை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

நாற்றைப் பிடுங்கி முடி கட்டி ஏற்றிக்கொண்டு நண்டுப்பள்ளத்துக்குப் போனோம். முந்தின நாள்தான் அங்கே தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. மூத்தாரும் அக்காவும் அழுகிய பயிரை வழித்து வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடவுக்கு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்து வயலில் குனிந்து நின்றார்கள். நான் முதல் முடியைத் தூக்கி வயலில் வீசினேன்.

"எங்களுக்கு வாண்டாம்" என்றார் மூத்தார். "நாங்க வெத குடுக்கல. சட்டம் போட்டது நீ."

"சட்டம் போட்டது நாந்தான். ஆனா இது என் பங்கு."

"ஒன் பங்கு எங்களுக்கு எதுக்கு? பிச்சயா?"

பக்கத்து வயலில் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். வீட்டுக்குள் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் புரட்டாசியில் நான் பேசியது வீட்டுக்குள் இல்லையே, ஊர் கேட்கத்தானே பேசினேன்.

"மாமா, வாய்க்கால தள்ளி வச்சது கூட்டம் இல்ல. நாந்தான். நாத்தங்காலுக்கு வந்தா வாய்க்கா வேல கழிஞ்சிதுன்னு சொன்னதும் நாந்தான். நீங்க சொன்னதக் கேட்டிருந்தா ஒங்க பயிரு ஆறு நாள்ல தல தூக்கியிருக்கும். ஒங்க வயலுக்கு நாந்தான் தண்ணி கட்டி நிறுத்தினேன். அதுக்குத்தான் இது."

அடுத்த முடியையும் தூக்கி வயலில் வீசினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மூத்தார் என்னைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், வேனில் இருந்த நாற்றைப் பார்த்தார்.

"நாத்துக்கு என்னா வயசு?"

"இன்னியோட முப்பது."

"அப்ப ஏன் நின்னு பேசிக்கிட்டிருக்க? எறங்கு."

இறங்கினேன். அக்கா பக்கத்தில் நின்று நட்டேன். பக்கத்து வயல் பெண்கள் தங்கள் வேலை முடிந்ததும் கூலி பேசாமல் வந்து சேர்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மூன்று மாவும் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடாமலே படுத்துத் தூங்கினேன். இதை மறுநாள் காலையில் எழுதுகிறேன்.

டிசம்பர் 6

அக்கா ஆள் விடாமல் தானே வந்து கூப்பிட்டார். "பச்ச புடிச்சிரிச்சி, வந்து பாரு." போய்ப் பார்த்தேன். நட்ட நாற்று மஞ்சள் மாறி நிமிர்ந்து நிற்கிறது. சில இடங்களில் நண்டு வெட்டியிருக்கிறது. அங்கெல்லாம் மூத்தார் ஊடுநடவு செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வாய்க்கால்ல திரும்ப தாமர சேருது. தையில ஒரு தடவ வெட்டணும், புரட்டாசி வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார். குழுவில் பேசுகிறேன் என்றேன். "நானும் வர்றேன்" என்றார். உள்ளே வந்து பாயில் உட்காரவேண்டும் என்று சொன்னேன். குனிந்து அடுத்த நாற்றை ஊன்றினார்.

கூட்டப் பதிவேட்டைத் திருத்தினேன். அக்டோபர் ஏழாம் தேதி, கூட்டம் முடிவு செய்தது என்று இருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே, நாற்றங்கால் வேலை வேறு, வடிகால் வேலை வேறு, ஒன்றுக்கு ஒன்று கழியாது என்றும் எழுதினேன்.

பிறகு இந்த டைரியில் நவம்பர் பத்தாம் தேதிப் பக்கத்தை எடுத்தேன். அடித்த வரி மைக்குக் கீழே இன்னும் லேசாகத் தெரிகிறது. வேறு யாரும் இதைப் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் திரும்ப எழுதிவைக்கிறேன், இந்தத் தடவை அடிக்காமல்: 'ஒரு வெள்ளம் வந்தால்தான் இவர்களுக்கெல்லாம் என் அருமை தெரியும்.'

வேதரெத்தினம் உளுந்து மூட்டையை இறக்கிவிட்டுக் கூப்பிடுகிறார். ஈரம் காய்வதற்குள் தெளிக்கவேண்டும்.